கார் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் உங்கள் ரெக்கார்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னலைத் தாண்டியதற்கு ஃபைன் கட்டினேன். அடுத்த வருஷம் கார் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறுமா?

அந்த ஃபைனால் ஏறாது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் லைசென்ஸில் புள்ளி விழுந்தால் பிரீமியம் எகிறும். இந்தியாவில் தனிநபர் கார் பாலிசி அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. இங்கே பிரீமியத்தை மாற்றுவது கிளெய்ம் ரெக்கார்டு. பத்து சலான் வாங்கியவருக்கும் ஒன்றுகூட வாங்காதவருக்கும், இருவரும் கிளெய்ம் எடுக்காதவரை, ஒரே தள்ளுபடிதான். நியாயமா என்றால் இல்லை, ஆனால் நடைமுறை இதுதான்.

இதை மாற்றும் யோசனை வராமல் இல்லை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு ஒன்று 2021 ஜனவரியில் ஒரு வரைவு அறிக்கை தந்தது. போக்குவரத்து விதிமீறலுக்கு எனத் தனி பிரீமியப் பிரிவு வேண்டும், குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்ற அளவில் கணக்கு வைக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. டெல்லி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்பதும் அதில் இருந்தது.

அப்படியானால் கிளெய்ம் ரெக்கார்டு பிரீமியத்தில் எந்தப் பகுதியைத் தொடும்?

உங்கள் பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். இரண்டு பத்தி இருக்கும். ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. மற்றொன்று ஓன் டேமேஜ், அதாவது நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியம்.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலான கட்டணப்படி 1,000 சி.சி. வரையான தனிநபர் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதையும் தாண்டினால் ரூ.7,897. இதில் ரெக்கார்டுக்கு வேலையே இல்லை. இருபது வருஷம் கீறல் படாமல் ஓட்டியவரும் நேற்று லைசென்ஸ் எடுத்தவரும் ஒரே தொகைதான் கட்டுவார்கள்.

ஓ.டி. பிரீமியம் அப்படி இல்லை. 2007 ஜனவரியிலிருந்து இதைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. காரின் ஐ.டி.வி. (காரின் இன்றைய மதிப்பாகப் பாலிசியில் குறிக்கும் தொகை), மாடல், வயது, சி.சி., பதிவான ஊர் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை வரும். கிளெய்ம் எடுக்காததற்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அந்தத் தொகையில்தான் கழியும். ஏஜென்ட் '50% தள்ளுபடி' என்றால் அது மொத்த பில்லில் பாதி என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஓ.டி. தொகையில் மட்டும் பாதி.

நோ கிளெய்ம் போனஸ் எப்படி ஏறும், எப்படி இறங்கும்?

ஏறுவது படிப்படியாக. ஒரு முழு பாலிசி ஆண்டு கிளெய்ம் இல்லாமல் முடிந்தால் 20%. தொடர்ந்து இரண்டாண்டு என்றால் 25%, மூன்றாண்டு 35%, நான்காண்டு 45%, ஐந்தாண்டு 50%. அதோடு நின்றுவிடும்.

இறங்குவது ஒரே சறுக்கு. ஒரு கிளெய்ம் எடுத்தால் 50% இருந்தவரும் நேராகப் பூஜ்யத்துக்குப் போவார். பரமபதத்தில் 98-ல் பாம்பு கடித்த கதை. கிளெய்ம் தொகை மூவாயிரமா மூன்று லட்சமா என்பது கணக்கில் வராது. தவறு யாருடையது என்பதும் வராது. சிக்னலில் நின்றிருந்த உங்கள் காரைப் பின்னால் வந்தவர் இடித்து, நீங்கள் உங்கள் பாலிசியில் சரிசெய்தால், போவது உங்கள் போனஸ்தான்.

பம்பர் உடைந்துவிட்டது. கிளெய்ம் போடுவதா, கைக்காசு போட்டுச் சரிசெய்வதா?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். வொர்க்‌ஷாப்பில் 'இன்ஷூரன்ஸ் இருக்குல்ல சார், கிளெய்ம் போட்டுடலாம்' என்பார்கள். அவர்களுக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. நீங்கள்தான் இரண்டு தொகையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் தொகை, கம்பெனி உண்மையில் தரப்போவது. ஒரு 1,200 சி.சி. காருக்கு எஸ்டிமேட் ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம். புது பம்பர் ரூ.5,000, பெயின்டிங் ரூ.3,000, லேபர் ரூ.1,000. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் முழு விலை தரும் கூடுதல் கவரான ஜீரோ டெப் இல்லாத சாதாரண பாலிசி என்றால் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். அதனால் பம்பருக்கு ரூ.2,500. பெயின்டிங்கில் 25 சதவீதத்தைப் பெயின்ட் பொருளின் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 3,000-ல் 25% என்பது 750, அதில் பாதி 375. எனவே பெயின்டிங்குக்கு ரூ.2,625. லேபர் முழுசாக ரூ.1,000. கூட்டினால் ரூ.6,125. இதிலிருந்து, ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பங்காக ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு போகும். 1,500 சி.சி. வரையான காருக்கு அது ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. கடைசியில் கைக்கு வருவது ரூ.5,125. ஜீரோ டெப் இருந்தால் ரூ.8,000.

இரண்டாவது தொகை, போனஸ் போவதால் நீங்கள் இழப்பது. பெரும்பாலோர் அடுத்த வருஷத்தை மட்டும் பார்க்கிறார்கள். போனஸ் பழைய உயரத்துக்குத் திரும்ப ஐந்தாண்டு ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஓ.டி. பிரீமியம், போனஸ் கழிக்கும் முன், ரூ.10,000 என்று கொள்ளுங்கள். 50% வாங்கிக்கொண்டிருந்தவர் கிளெய்ம் எடுத்தால் அடுத்த ரினியூவலில் 0%. இழப்பு ரூ.5,000. அதற்கடுத்து 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 20, இழப்பு ரூ.3,000. பிறகு 25, இழப்பு ரூ.2,500. பிறகு 35, ரூ.1,500. பிறகு 45, ரூ.500. ஆக மொத்தம் ரூ.12,500. இதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.14,750. ஐந்தாயிரத்துச் சொச்சம் வாங்கப்போய் பதினாலாயிரத்தைத் தொலைப்பது. ஜீரோ டெப் இருந்து எட்டாயிரம் கிடைத்தாலும் நஷ்டமே.

அதே பம்பர், முதல் வருஷத்தில் இருக்கும் புதுக் காரில் உடைந்தால் கணக்கு தலைகீழ். அந்தக் காரின் உரிமையாளர் அடுத்து 20% தான் வாங்கப்போகிறார். கிளெய்ம் எடுத்தால் படி ஒன்று பின்தங்குவார். மொத்த இழப்பு ஓ.டி. பிரீமியத்தில் 50%, நம் கணக்கில் ரூ.5,000, ஜி.எஸ்.டி.யோடு ரூ.5,900. ஜீரோ டெப்பில் ரூ.8,000 வருகிறது என்றால் தாராளமாகக் கிளெய்ம் போடலாம்.

உங்கள் நிலைக்கு ஒரு வாய்ப்பாடு: அடுத்த ரினியூவலில் உங்களுக்குக் கிடைக்கவிருப்பது 20% என்றால் மொத்த இழப்பு ஓராண்டு ஓ.டி. பிரீமியத்தில் 50%. 25% என்றால் 80%. 35% என்றால் 105%. 45% என்றால் 120%. 50% என்றால் 125%. இதைத் தாண்டிக் கம்பெனி தந்தால் மட்டும் கிளெய்ம்.

இது கறாரான கணக்கு இல்லை. கார் பழசாக ஆக ஐ.டி.வி. குறையும், அதனால் பின்வரும் ஆண்டுகளின் இழப்பு கொஞ்சம் சுருங்கும். அடுத்த ஆண்டே பெரிய விபத்து நேர்ந்து எப்படியும் போனஸ் போயிருக்குமானால், முதல் கிளெய்மால் இழந்தது ஒரு வருஷத் தள்ளுபடி மட்டுமே. நகரத்து நெரிசலில் வருஷம் ஒருமுறை நிச்சயம் இடி வாங்குகிறவர், இந்த வாய்ப்பாட்டில் பாதியைத் தனக்கான அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே வருஷத்தில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் ஆகிவிட்டது. மற்ற கீறல்களையும் அதோடு சேர்த்துவிடலாமா?

சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு சம்பவமும் தனிக் கிளெய்ம், தனித்தனிக் கட்டாயக் கழிவு. முன்பக்கம் இடித்ததாகச் சொல்லிவிட்டு பின் கதவின் பழைய டென்ட்டையும் கணக்கில் எழுதினால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கண்டுபிடித்துவிடுவார். பழைய கீறலின் ஓரத்தில் துரு இருக்கும், அழுக்கு படிந்திருக்கும், இடி வந்த திசையும் பொருந்தாது. அதோடு முழுக் கிளெய்மும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முறையாக இரண்டாவது கிளெய்ம் எடுத்தால்? போனஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆனால் கம்பெனி தானாக முன்வந்து தரும் தள்ளுபடி குறையலாம், ஜீரோ டெப் மறுக்கப்படலாம். ஜீரோ டெப் பாலிசிகள் பலவற்றில் வருஷத்துக்கு இரண்டு கிளெய்ம் என்ற வரம்பும் உண்டு.

போனஸ் பாதிக்காத கிளெய்ம் உண்டா?

போனஸ் ஓ.டி. பிரிவுக்கு உரியது. உங்கள் காரால் அடுத்தவருக்குச் சேதமாகி, தேர்ட் பார்ட்டி பிரிவில் மட்டும் கம்பெனி பணம் கொடுத்து, உங்கள் காருக்கு நீங்கள் எதுவும் வாங்கவில்லை என்றால் போனஸ் நிலைக்கும்.

'என்.சி.பி. புரொடெக்ட்' என்ற கூடுதல் கவரும் இருக்கிறது (என்.சி.பி. என்பது நோ கிளெய்ம் போனஸின் சுருக்கம்). குறிப்பிட்ட எண்ணிக்கைக் கிளெய்ம் வரை போனஸைக் காக்கும். 45, 50 சதவீதத்தில் இருப்பவருக்கு இது பயனுள்ளது. 20-ல் இருப்பவருக்குப் பெரும்பாலும் வீண் செலவு. வாங்கும் முன் மூன்றைப் படியுங்கள்: எத்தனை கிளெய்ம் வரை, திருட்டும் முழுச் சேதமும் உள்ளடங்குமா, கம்பெனி மாறினால் அந்தப் பாதுகாப்பு செல்லுமா.

கிளெய்ம் பதிவு செய்துவிட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

பணம் பட்டுவாடா ஆகும் முன் திரும்பப் பெறலாம். கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு, 'பணம் எதுவும் பெறவில்லை, கிளெய்மைத் திரும்பப் பெறுகிறேன்' என்று மின்னஞ்சல் அனுப்பி, பூஜ்யத் தொகையில் முடித்ததற்கான பதிலை வாங்கி வையுங்கள். போனில் சொல்லிவிட்டு விடுவதுதான் இதில் பலர் செய்யும் தவறு. கோப்பு நிலுவையில் நிற்கும், ரினியூவல் நாளில் சிஸ்டம் போனஸ் இல்லை என்று காட்டும்.

வேறு கம்பெனிக்கு மாறும்போது பழைய கிளெய்மைச் சொல்லாமல் விட்டால்?

ஆன்லைனில் 'கடந்த ஆண்டு கிளெய்ம் எடுத்தீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு தட்டுத் தட்டினால் ஓ.டி. பிரீமியம் பாதிவரை குறையும். அந்த ஆசையில்தான் பலர் மாட்டுகிறார்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் உறுதி கேட்கும். கிளெய்ம் தகவல்கள் ஐதராபாத்தில் உள்ள இன்ஷூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோவின் தொகுப்பிலும் இருக்கின்றன. பொய் என்று தெரிந்தால், நீங்கள் ப்ரபோசலில், அதாவது பாலிசி விண்ணப்பத்தில், கொடுத்த உறுதிமொழிப்படி, ஓ.டி. பிரிவின் பலன் அத்தனையும் பறிபோகும். அதாவது சில ஆயிரம் மிச்சம் பிடித்தவர், கார் நொறுங்கும் நாளில் வெறுங்கையோடு நிற்பார்.

தெரியாமல் நடப்பதும் உண்டு. பாலிசி 30-ம் தேதி முடிகிறது, 20-ம் தேதியே போனஸோடு ரினியூ செய்துவிட்டீர்கள், 27-ம் தேதி இடித்துவிட்டது. பழைய பாலிசியில் கிளெய்ம் எடுத்தால் புது பாலிசியில் வாங்கிய போனஸ் செல்லாது. உடனே தெரிவித்து வித்தியாசத் தொகையைக் கட்டி, பாலிசியில் திருத்தத்தைப் பதிந்து தரும் எண்டார்ஸ்மென்ட் வாங்கிவிடுங்கள்.

காரை விற்கிறேன். போனஸ் காரோடு போய்விடுமா?

போகாது. போனஸ் உரிமையாளருடையது, காருடையது இல்லை. இதை அறியாமல் வருஷக்கணக்கில் சேர்த்த 50 சதவீதத்தை எக்ஸ்சேஞ்ச் மேளாவில் பழைய காரோடு விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். புதுக் காருக்கு ஓ.டி. பிரீமியம் ரூ.25,000 என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போவது ரூ.12,500.

செய்ய வேண்டியது இது. விற்பனைக்கான படிவம் 29-ன் நகல், டெலிவரி நோட், ஆர்.சி. நகல், பாலிசி நகல் ஆகியவற்றோடு உங்கள் கம்பெனிக்குக் கடிதம் கொடுத்து என்.சி.பி. சர்டிஃபிகேட் கேளுங்கள். மூன்றாண்டுக்குள் நீங்கள் வாங்கும் இன்னொரு காருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஷோரூமில் புதுக் காரின் பாலிசி போடும் முன் அதை நீட்டுங்கள். பாலிசி அச்சாகி வந்த பிறகு திருத்துவது இழுபறி. சர்டிஃபிகேட் ஒரு காருக்குத்தான் செல்லும். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி போனஸ் ஏணி.

உரிமையாளர் இறந்து, கார் கணவன், மனைவி, பிள்ளைகள் அல்லது பெற்றோர் பெயருக்கு மாறினால் போனஸும் அவர்களுக்கு மாறும். விற்பனை என்றால் மாறாது.

பழைய கார் வாங்கினேன். பாலிசியில் 45% போனஸ் இருக்கிறதே?

அது விற்றவருடையது. பெயர் மாற்றும்போது மீதிக் காலத்துக்கான போனஸ் தொகையை உங்களிடம் வசூலிப்பார்கள். 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி தானாகவே உங்களுக்கு வந்துவிடும், ஓ.டி. வராது. ஆர்.சி. மாறி பாலிசி மாறாத காரில் விபத்து நடந்தால் ஓ.டி. கிளெய்ம் நிராகரிக்கப்படுவது வாடிக்கை.

ரினியூவலை மறந்துவிட்டேன். என்ன ஆகும்?

முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ரினியூ செய்தால் போனஸ் தப்பும். 91-ம் நாள் பூஜ்யம். ஐந்தாண்டு ஒழுங்காக ஓட்டியதற்கும் அப்போது மதிப்பில்லை. இடைப்பட்ட நாளில் கார் இன்ஷூரன்ஸ் இல்லாத கார் என்பதையும் மறக்க வேண்டாம். அதை ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரினியூ செய்யும்போது காரைப் படமெடுத்துப் பரிசோதித்த பிறகே ஓ.டி. தருவார்கள்.

நண்பர் என் காரை ஓட்டி இடித்துவிட்டார். யார் ரெக்கார்டு கெடும்?

உங்களுடையது. பாலிசி உரிமையாளர் பெயரில், கிளெய்மும் அதே பெயரில். சாவி கொடுக்கும் முன் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை என்றால் ஓ.டி. கிளெய்ம் கிடைக்காது.

குடித்துவிட்டு ஓட்டி விபத்து நடந்தால் பிரீமியம் எவ்வளவு கூடும்?

பிரீமியத்தைப் பற்றிக் கவலைப்படும் கட்டம் அது இல்லை. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ரூ.10,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. போதையில் ஓட்டியது பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருப்பதால் உங்கள் காருக்குப் பைசா வராது. அடிபட்டவருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை உங்களிடமிருந்து வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

நன்றாக ஓட்டுவதற்கே தள்ளுபடி தரும் பாலிசி உண்டா?

உண்டு. 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்த கூடுதல் கவர்களில் இரண்டு வகை இதற்கு உதவும். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டுவது ஒன்று. ஓட்டும் விதத்துக்கு ஏற்பக் கட்டுவது மற்றொன்று. இரண்டாவதில் காரில் பொருத்தும் சிறு கருவியோ போன் செயலியோ திடீர் பிரேக், வேகம், இரவுப் பயணம் போன்றவற்றைப் பதிவு செய்து மதிப்பெண் போடும். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு முதல் வகை லாபம். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் திடீர் பிரேக் தவிர்க்க முடியாது. அவர் இரண்டாவது வகையில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டில் பத்து வருஷம் விபத்தில்லாமல் ஓட்டினேன். இங்கே செல்லுமா?

அங்கே உள்ள பாலிசி முடிந்து மூன்றாண்டுக்குள் என்றால் கேட்கலாம். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளைக் குறிப்பிட்டு அந்தக் கம்பெனி தந்த அசல் கடிதம் வேண்டும். லைசென்ஸின் சுத்தம் மட்டும் போதாது. ஊர் திரும்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளெய்மே எடுக்கவில்லை, ஆனால் போனஸ் தர மறுக்கிறார்கள்.

முதலில் பழைய கம்பெனியிடம் கிளெய்ம் வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மூடாமல் விட்ட கோப்போ, தவறாகப் பதிந்த இன்ஜின், சேஸிஸ் எண்ணோதான் காரணம். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கே நகரவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. பழைய பாலிசிகளின் நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள்.